ஃபைட் வேணும்னா ஒரு நாள் முழுசா கொடுங்க: சேனல்காரங்களுக்கு ஒரு அசிஸ்டெண்ட்டோட திறந்த மடல்

சேனல்ல ஃபிக்‌ஷன் டிபார்ட்மெண்ட் பாக்குற சார், மேடம் எல்லாருக்கும், ஓடிடில சீரிஸ் ஓகே பண்றவங்களுக்கும், நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் திட்டு வாங்குற எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர் அண்ணன்களுக்கும் வணக்கம்.

நான் சீரியல்ல அசிஸ்டெண்ட் டைரக்டர். நடுவுல கொஞ்ச நாள் ஒரு ஆக்‌ஷன் வெப் சீரிஸ்லயும் வேலை பாத்தேன். பேர்லதான் டைரக்டர்னு ஒட்டியிருக்கு, மத்தபடி க்ளாப் அடிக்கிறது, கண்டினியூட்டி போட்டோ எடுக்கிறது, தமிழ் தெரியாத ஹீரோயினுக்கு கேமரா பக்கத்துல குனிஞ்சு உக்காந்து டயலாக் ப்ராம்ப்ட் பண்றது, ஷூட்டிங் ஹவுஸ் பக்கத்து வீட்டுக்காரர் மிக்சி போட்டா போய் கெஞ்சி நிறுத்தச் சொல்றதுன்னு எல்லாமே நாங்கதான். ஃபைட் இருக்கிற நாள்ல இதுக்கு மேல இன்னும் கொஞ்சம் சேரும். விழுற இடத்துல ஆணி, கல்லு, கண்ணாடித் துண்டு இருக்கான்னு பொறுக்கணும், விழுறவங்களுக்காக போடுற மெத்தை, அதான் பெட்டு, ஃப்ரேம்ல தெரியாம மண்ணு போட்டு மூடணும், ரப்பர் கத்தி எது அலுமினியக் கத்தி எதுன்னு தனித்தனியா கையில வெச்சிருக்கணும், புழுதி அடங்க தண்ணி தெளிக்கணும், தெளிச்சு முடிச்சதும் கேமராமேன் "புழுதி நல்லாருந்துச்சேப்பா"ன்னு சொன்னா மறுபடி கிளப்பணும். இதெல்லாம் குறையா சொல்லல, பிடிச்சுதான் வந்தோம், இன்னமும் பிடிக்குது.

கேக்க வந்தது ஒண்ணே ஒண்ணுதான். ஃபைட்டுக்கு நேரம் கொடுங்க. முட்டிக்கு நீ-பேட் இருக்கு, முழங்கைக்கு எல்போ பேட் இருக்கு, இடுப்புல மாட்டுற ஹார்னஸ் இருக்கு, பெட்டு இருக்கு, ஃபைட் மாஸ்டருக்கு வேலையும் நல்லா தெரியும், ஆனா அதையெல்லாம் ஒழுங்கா போட்டு, கட்டி, இழுத்துப் பாத்து, ஒரு தடவை மெதுவா செஞ்சு பாக்குறதுக்கான நேரம் மட்டும் எப்பவுமே இருக்கிறதில்ல. ஷெட்யூல் இழுத்துச்சுன்னா முதல்ல வெட்டு விழுறது ரிகர்சல்லதான். சாப்பாட்டு பிரேக்கைக் கூட வெட்ட மாட்டாங்க, யூனியன் கேக்கும். ரிகர்சலுக்குன்னு கேக்க யாரு இருக்கா?

வியாழக்கிழமை டிஆர்பி, அதான் எந்த சீரியலை எவ்வளவு பேர் பாத்தாங்கங்கிற நம்பர், வருது. எங்களுக்கும் அன்னிக்கு வயித்த கலக்கும், உங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. நம்பர் இறங்கியிருந்தா மத்தியானத்துக்குள்ள கதை ட்ராக் மாறிடும். போன வாரம் வரைக்கும் மருமக சமையக்கட்டுல அழுதுகிட்டு இருந்த கதை, திடீர்னு அவள கடத்துறாங்க, ஹீரோ ஜீப்புல துரத்துறான், குடோன்ல பத்து பேரை அடிக்கிறான், இது வெள்ளிக்கிழமை எடுக்கணும், சனிக்கிழமை ப்ரோமோ போகணும். டயலாக் பேப்பர் ஸ்பாட்ல வாட்ஸ்அப்ல வரும், அது பரவால்ல, நாங்க பழகிட்டோம், வசனத்தை மாத்தி பேசினா யாருக்கும் கை கால் போகாது. ஆனா ஃபைட்டும் அப்படியே வாட்ஸ்அப்ல வருது. "மாஸ்டர், ஒரு நாலு நிமிஷத்துக்கு பரபரன்னு ஒரு ஃபைட்" அவ்வளவுதான் பேப்பர்ல இருக்கும். எங்க எடுக்கிறோம், தரை என்ன தரை, சிமெண்ட்டா மண்ணா, மாடி இருக்கா, மாடிக்கு கைப்பிடி இருக்கா, எத்தனை ஃபைட்டர் வேணும், ரோப் வேணுமா, தீ இருக்கா, ஒண்ணும் இருக்காது. மாஸ்டர் வந்து இடத்தைப் பாத்துட்டு அப்பதான் யோசிக்க ஆரம்பிப்பாரு. அவரைச் சொல்லி குத்தமில்ல, அவருக்கே முந்தின நாள் ராத்திரிதான் போன் போயிருக்கும்.

அன்னிக்கு கால்ஷீட் எப்படி போடுறீங்கன்னு பாருங்க. காலையில வீட்டு சீன், ஏன்னா முன்கூட்டியே எடுத்து வெச்ச எபிசோட் பேங்க் இல்ல, தினமும் ஒரு எபிசோட் அளவுக்கு ஃபுட்டேஜ் வந்தாகணும். மாமியார் கேரக்டர் வேற சீரியலுக்கு மத்தியானம் போகணும், அவங்க போர்ஷனை முதல்ல முடிக்கணும். அது ஒரு மணிக்கு முடியணும், முடியறது மூணு மணிக்கு. அப்புறம் லொகேஷன் ஷிஃப்ட், வளசரவாக்கத்துல இருந்து ஈசிஆர் போறதுக்குள்ள யூனிட் வண்டி டிராஃபிக்ல நிக்கும். லைட் இறக்கி, கேபிள் இழுத்து, கேமராவைத் தூக்குற ஜிம்மி ஜிப் மாட்டி முடிக்கிறப்ப வெயில் மஞ்சளாயிருக்கும். அதுல பூசணிக்காய் சுத்தணும், கற்பூரம் ஏத்தணும், எலுமிச்சம்பழம் நசுக்கணும். அதுக்கு எப்பவுமே நேரம் இருக்கு பாருங்க, ஒரு நாள் கூட "லேட்டாச்சு பூசணிக்காய் வேணாம்"னு எந்த மேனேஜரும் சொல்லி நான் கேட்டதில்ல. நானும் சாமி கும்பிடுறவன்தான், கிண்டல் பண்ணல. பூசணிக்காய் உடைச்ச கையோட "மாஸ்டர், நேரா டேக் போயிடலாமா"ன்னு கேக்குறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு எரியுது.

நேரம் நேரம்னு பொதுவா சொன்னா உங்களுக்குப் புரியாது, நீங்க மானிட்டர்ல பாக்குறது விழுற அந்த ரெண்டு செகண்ட்தான். அட்டைப்பெட்டிய எடுத்துக்கோங்க. மாடியில இருந்து ஒருத்தர் விழுற ஷாட்டுக்கு கீழ அடுக்குவோம்ல, அந்த காலி அட்டைப்பெட்டி. அதை சும்மா தூக்கிப் போட்டு அடுக்க முடியாது. ஒவ்வொரு பெட்டியா பிரிச்சு, விரிச்சு, டேப் போட்டு நிக்க வெச்சு, ஆனா காத்து வெளிய போற மாதிரி இறுக்கி அடைக்காம விடணும், வரிசைக்கு வரிசை இணைப்பு மாறி வர்ற மாதிரி அடுக்கணும், சுத்தி கயிறு கட்டணும், இல்லாட்டி விழுந்தவுடனே பக்கவாட்டுல பிரிஞ்சு ஆளு நடுவுல தரைக்குப் போயிடுவாரு. மேல பெட்டு. பெட்டி நசுங்குறதுனாலதான் விழுற ஆளோட வேகம் குறையுது, அதோட மொத்த வேலையே நசுங்குறதுதான். அப்ப ஒரு டேக் முடிஞ்சா நசுங்கின பெட்டிய எல்லாம் எடுத்துட்டு புதுசு அடுக்கணும். நாலஞ்சு பேர் வேகமா செஞ்சாலும் கால் மணி, அரை மணி ஆகும். இப்ப நீங்க சொல்லுங்க, "ஒன் மோர், ஃபோகஸ் போயிடுச்சு"ன்னு மைக்ல சத்தம் வருது, வெளிச்சம் போகுது, மேனேஜர் வாட்ச்சைப் பாக்குறாரு, அந்த நேரத்துல பெட்டிய மாத்துவாங்களா, இல்ல மேல இருக்கிற பெட்டை மட்டும் தட்டி நேராக்கிட்டு "ரெடி மாஸ்டர்"னு சொல்லுவாங்களா? ரெண்டாவது டேக்குல மேல நிக்கிற ஃபைட்டர் கீழ பாப்பாரு, அவருக்குத் தெரியும், பெட்டு பள்ளமா இருக்கிறது அங்கிருந்தே தெரியும். குதிச்சிடுவாரு. குதிக்க மாட்டேன்னு சொன்னா நாளைக்கு வேற ஆளைக் கூப்பிடுவாங்கன்னும் அவருக்குத் தெரியும்.

ரோப் அதை விட. ஹீரோ அடிச்சா அடியாள் பறந்து போய் சுவத்துல மோதுறான்ல, இடுப்புல ஹார்னஸ், ரெண்டு பக்கமும் வளையம், அதுல கயிறு, கயிறு மேல கப்பியில போய் இந்தப் பக்கம் கீழ இறங்கும், இறங்கின முனைய ஆளுங்க பிடிச்சு "ரெடி... ஒன், டூ, த்ரீ"ன்னா எதிர்ப்பக்கம் ஓடணும். எவ்வளவு தூரம் ஓடுறாங்களோ அவ்வளவு தூரம் அங்க ஆளு பறப்பாரு. இழுக்கிறவங்க எல்லாம் ஒண்ணா இழுத்து ஒண்ணா நிறுத்தணும், அது பழகின ஸ்டண்ட் அசிஸ்டெண்ட்டுங்க செய்ய வேண்டிய வேலை. பட்ஜெட் இல்லன்னு மூணு பேரை மட்டும் வரச்சொல்லிட்டு, கூட யாரு பிடிக்கிறதுன்னா, "ஏய் தம்பி வா, லைட்மேன் அண்ணே நீங்களும் ஒரு கை"ன்னு கூப்பிடுறாங்க. நான் பிடிச்சிருக்கேன். கையுறை கிடையாது, கர்சீஃப்ப சுத்திக்கிட்டு பிடிக்கிறது, கயிறு வழுக்குனா உள்ளங்கை தோல் அதோட போகும். அது கூட ஆறிடும். இந்தப் பக்கம் ஒருத்தன் கால் தடுக்கி அரை செகண்ட் லேட்டா நின்னா அந்தப் பக்கம் பறக்கிற ஆளு பெட்டத் தாண்டி சுவத்துக்குப் போயிடுவாரு. கயித்தை ஒரு தடவை கூட பிடிச்சுப் பழகாத ஆளு கையில இன்னொருத்தர் முதுகெலும்ப கொடுக்கிறோம்னு யாருக்குமே உறைக்கல. ரிகர்சல் இல்லன்னா நாங்க கயித்தைப் பிடிக்கிற முதல் தடவையே டேக்தான்.

ஆக்‌ஷன்னா அடிதடி மட்டும்னு நினைச்சுடாதீங்க. சீரியல்ல ஹோம குண்டம், தீ மிதி, சேலையில நெருப்பு, வீடு பத்திக்கிது, இதெல்லாம் வருஷத்துக்கு எத்தனை தடவை எடுக்கிறோம்? பேருக்குத்தான் பட்டுச் சேலை, பாதிக்கு மேல சிந்தெடிக், பத்துனா உருகி உடம்புல ஒட்டிக்கும். தீ நிக்கிறதுக்கு ரப்பர் சொல்யூஷன், பெட்ரோல்னு எதை எதையோ தடவுறாங்க. பக்கத்துல ஒரு ஈரச் சாக்கு, ரெண்டு பக்கெட் தண்ணி, சில நாள் தீயணைப்பு சிலிண்டர் ஒண்ணு, அதுல முள்ளு எங்க நிக்குதுன்னு யாரும் பாத்ததில்ல. ஹீரோயினுக்கு டூப் போட்டாச்சுன்னு நிம்மதியா இருப்பீங்க, டூப்பும் ஒரு வீட்டுப் பொண்ணுதான்.

இதெல்லாம் நீ பயந்து சொல்றதுன்னு தோணலாம். நடந்ததை மட்டும் சொல்றேன். 2020 பிப்ரவரி 19 ராத்திரி பூந்தமல்லி பக்கத்துல இருக்கிற ஈவிபி ஃபிலிம் சிட்டியில லைட் கட்டின கிரேன் சரிஞ்சு விழுந்து மூணு பேர் இறந்தாங்க. மூணு பேருமே ஸ்டண்ட் ஆளுங்க கிடையாது, யூனிட்ல எங்கள மாதிரி வேலை பாத்தவங்க, அதுல ஒருத்தர் உதவி இயக்குநர். 2024 ஜூலைல சாலிகிராமத்துல ஒரு ஸ்டுடியோல உயரத்துல இருந்து விழுந்து ஒரு சண்டைக் கலைஞர் இறந்தார். 2025 ஜூலைல நாகப்பட்டினம் பக்கம் கார் பறந்து கவிழ்ற ஷாட்ல இன்னொருத்தர், ரொம்ப வருஷ அனுபவம் உள்ளவர். அந்த ஷாட்டை முறையா திட்டம் போட்டுதான் எடுத்தோம்னு இயக்குநர் அறிக்கை விட்டார். திட்டம் போட்டு எடுக்கிற இடத்துலயே உயிர் போகுதுன்னா, முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்ல முடிவு பண்ணி எடுக்கிற நாம எந்த தைரியத்துல எடுக்கிறோம்? பெங்களூர் பக்கம் 2016 நவம்பர்ல ஹெலிகாப்டர்ல இருந்து திப்பகொண்டனஹள்ளி ஏரியில குதிச்ச ரெண்டு நடிகர்கள் கரைக்கு வரவே இல்ல, லைஃப் ஜாக்கெட் இல்லாம குதிச்சாங்க, நீச்சல் சரியா வராதுன்னு குதிக்கிறதுக்கு முன்னாடி மைக் முன்னால அவங்களே சொல்லியிருந்தாங்க. கேட்டுட்டு எல்லாரும் நின்னாங்க.

அமெரிக்காவுல 2014ல ஒரு ரயில் பாலத்து மேல அனுமதி வாங்காம ஷூட்டிங் எடுத்தப்ப ரயில் வந்து 27 வயசு கேமரா அசிஸ்டெண்ட் பொண்ணு இறந்துச்சு. அந்தப் பட இயக்குநர் குத்தத்தை ஒத்துக்கிட்டு ஜெயிலுக்குப் போனார். இங்க என்ன நடக்கும்? நிதி கொடுப்பாங்க, ஒரு நாள் ஷூட்டிங் நிக்கும், மறுநாள் அதே கிரேன் வேற லொகேஷன்ல.

சட்டம் பத்தி ஒரு ஃப்ரெண்டு சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். சினிமா தொழிலாளர்களுக்குன்னு 1981ல மத்திய அரசு ஒரு சட்டம் போட்டுச்சு, வேலைக்கு எடுக்கிறப்ப எழுத்துல ஒப்பந்தம் வேணும்னு அதுல இருந்துச்சு, ஆனா அது முழுநீளக் கதைப் படத்துக்கு மட்டும், சீரியல் அந்தக் கணக்குலயே வரல. அப்புறம் 2020ல வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் சட்டத் தொகுப்புலதான் டிவி, வெப் சீரிஸ், ரியாலிட்டி ஷோ எல்லாம் சேத்து ஆடியோ விஷுவல் தொழிலாளர்னு ஒரு பேர் வந்துச்சு. அது நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21. அதுலயும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கேக்குறாங்க. நான் வேலை பாத்த செட்டுங்கள்ல எனக்கு எழுத்துல கிடைச்சது பேட்டா வவுச்சர் மட்டும்தான், அதுலயும் என் பேரை தப்பாத்தான் எழுதுவாங்க.

இன்ஷூரன்ஸ் கதையும் அப்படித்தான். இந்தியில அக்‌ஷய் குமார் தன் கைக்காசைப் போட்டு நூத்துக்கணக்கான ஸ்டண்ட் ஆளுங்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கார்னு 2025ல செய்தி வந்துச்சு, நல்ல மனுஷன், ஆனா ஒரு நடிகர் தன் காசுல பண்ணித்தான் ஆகணும்ங்கிற நிலைமையைப் பாத்து கை தட்டவா முடியும்? எங்க செட்டுல கேட்டா "எல்லாருக்கும் போட்டிருக்குப்பா"ம்பாங்க. எல்லாருக்கும்னா அன்னிக்கு மட்டும் வந்த ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுக்கும், கயிறு பிடிக்க கூப்பிட்ட லைட்மேனுக்குமா? பாலிசியோட ஒரு காப்பிய புரொடக்‌ஷன் வண்டியில ஒட்டி வைங்களேன், தினம் டீ குடிக்கிறப்ப படிச்சுக்கிறோம்.

சரி, நேரம் கொடுத்தா செலவு ஏறும்னு நீங்க சொல்லப்போறது தெரியும். அந்த வெப் சீரிஸ்ல நான் பாத்ததைச் சொல்றேன். அங்க மாஸ்டருக்கு ஒரு வாரம் முன்னாடியே சீன் போயிடுச்சு. அவரும் அவர் ஆளுங்களும் சாலிகிராமத்துல ஒரு மொட்டை மாடியில பெட்டு போட்டு மொத்த ஃபைட்டையும் செல்போன்ல ஷூட் பண்ணி, எடிட் பண்ணி, டைரக்டருக்கு அனுப்பிட்டாங்க. ஹீரோ அதைப் பாத்துட்டு வந்து கூடவே ரெண்டு நாள் பழகினார். எந்த ஷாட்டுக்கு ரோப், எதுக்கு டூப், கேமரா எங்கன்னு எல்லாம் பேப்பர்ல இருந்ததால நாங்க முந்தின நாளே லொகேஷன் போய் தரையக் கூட்டி, கம்பியெல்லாம் அறுத்து எடுத்துட்டோம். அது ஒரு பழைய மில்லு, தரையெல்லாம் துருப்பிடிச்ச போல்ட்டு. ஷூட் அன்னிக்கு வேற ஒரு சீனும் இல்ல. ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வெளிய இல்ல, உள்ளயே, ரிவர்ஸ் எடுக்க வேண்டாத மாதிரி மூஞ்சி வெளிய பாத்து நின்னுச்சு, அந்த ஒரு விஷயத்தைப் பாத்தே எனக்கு மாஸ்டர் மேல மரியாதை வந்துடுச்சு. ஷூட்டிங் முடிஞ்சுதுன்னு பேக்கப் சொன்னப்ப இன்னும் வெளிச்சம் இருந்துச்சு சார், ஃபைட் நாள்ல சூரியனைப் பாத்துக்கிட்டே பேக்கப் ஆனது எனக்கு அதுதான் முதல் தடவை. ஒன் மோர் ரொம்ப கம்மி, ஏன்னா எல்லாருக்கும் அடுத்து என்னன்னு தெரியும். உங்க சீரியல் ஃபைட்டுல பாதி நேரம் போறது எடுக்கிறதுல இல்ல, என்ன எடுக்கிறதுன்னு ஸ்பாட்ல பேசுறதுல.

அந்த அளவுக்கு சீரியல்ல முடியாதுதான், ஒத்துக்கிறேன். வாரத்துக்கு ஆறு எபிசோட் போடுற இடத்துல ஒரு வாரம் ரிகர்சல் கேட்டா எனக்கே சிரிப்பு வரும். நான் கேக்குறது ஃபைட் இருக்கிற நாள்ல ஃபைட் மட்டும். காலையில மாமியார் சீன் வேணாம். அரை நாள் பாத்து, கட்டி, பழக, அரை நாள் எடுக்க. அதுக்கு முந்தின நாள் மாஸ்டர் வந்து இடத்தைப் பாத்திருக்கணும், அவர் எத்தனை ஆளு கேட்டாரோ அத்தனை ஆளு வரணும், மூணுக்கு மேல கேட்டா "மாஸ்டர் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க"ங்கிற பேச்சே வரக்கூடாது. அட்ஜஸ்ட் பண்ணணும்னா அடிக்கிற ஆளை பத்துல இருந்து நாலாக்குங்க, பாக்குறவங்க யாரும் எண்ணப்போறதில்ல, அடியாளுங்க எண்ணிக்கையால டிஆர்பி ஏறினதா நான் பாத்ததில்ல. வெளிச்சம் போச்சுன்னா ரோப் ஷாட்டும் மாடி ஷாட்டும் அன்னிக்கு கிடையாது, ப்ரோமோவுக்கு வேற எதையாவது போடுங்க, ஹீரோ சட்டைக் கைய மடிச்சுவிட்டு முறைக்கிற ஸ்லோமோஷன் எப்பவும் ஸ்டாக்ல இருக்கும்.

இன்னொண்ணு, மாஸ்டர் வேணாம்னு சொன்னா அதோட பேச்சு முடியணும். இப்ப எப்படி நடக்குதுன்னா மாஸ்டர் மேனேஜர்கிட்ட சொல்வார், மேனேஜர் எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர்கிட்ட, அதான் ஈபி, அவர் போனை எடுத்துக்கிட்டு கேரவன் பின்னால போய் உங்ககிட்ட பேசுவார், திரும்பி வந்து "சேனல்ல கண்டிப்பா வேணும்ங்கிறாங்க மாஸ்டர், பாத்து பண்ணிக்கலாம்"ம்பார். நீங்க உண்மையிலேயே அப்படி சொன்னீங்களா, இல்ல அவரே உங்க பேரைச் சொல்லி எங்கள ஓட்டுறாரான்னு எங்களுக்குத் தெரியாது. அதுக்குத்தான் இதை உங்க எல்லாருக்கும் சேத்து திறந்த மடலா எழுதுறேன். நீங்க அப்படி சொல்றதில்லன்னா அதை எழுத்துல எல்லா யூனிட்டுக்கும் அனுப்புங்க: ஃபைட் மாஸ்டர் நிறுத்தச் சொன்னா நிறுத்தலாம், அந்த நாள் நஷ்டத்தை சேனலும் தயாரிப்பாளரும் பாதிப் பாதி ஏத்துப்போம்னு. நஷ்டம் மொத்தமும் தயாரிப்பாளர் தலையில விழுற வரைக்கும் எந்த மேனேஜரும் வாட்ச்சைப் பாக்குறதை நிறுத்த மாட்டாரு, அவர் வேலை அது.

சினிமாத் தொழிலாளர் சங்கங்களோட கூட்டமைப்பான ஃபெப்சியில இருக்கிற பெரியவங்களுக்கும் ஒரு வார்த்தை. இருபதுக்கு மேல சங்கம் இருக்கு, சம்பளம், பேட்டா, கால்ஷீட் நேரம்னா எல்லாரும் ஒண்ணா நிக்கிறீங்க, அதனாலதான் எங்களுக்கு இந்த அளவாவது சோறு போகுது. ரோப் பிடிக்கிறது ஸ்டண்ட் யூனியன் ஆளு மட்டும்தான், வேற டிபார்ட்மெண்ட் ஆளு கை வைக்கக் கூடாதுன்னு நீங்களே ஒரு ரூல் போட்டா அன்னிக்கே பாதிப் பிரச்சினை தீரும். க்ளாப் பலகைய வேற யூனியன் ஆளு தொட்டா சண்டைக்கு வர்றோம்ல?

வர்ற வியாழக்கிழமை நம்பர் பாத்துட்டு மீட்டிங் போடுவீங்க. "ஒரு ஃபைட் வெச்சா என்ன"ன்னு யாராவது கண்டிப்பா கேப்பாங்க. கேக்குறவரே போனை எடுத்து மாஸ்டருக்கு ஸ்பீக்கர்ல போட்டு "இது எத்தனை நாள் ஆகும்"னு கேட்டுட்டு அப்புறம் ட்ராக்கை முடிவு பண்ணுங்க.

இப்படிக்கு,
வளசரவாக்கத்துல இருந்து ஒரு அசிஸ்டெண்ட்

பி.கு: போன மாச நைட் பேட்டா இன்னும் வரல. இது சேனலுக்கு சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனா எங்க மேனேஜர் எப்படியும் இதைப் படிப்பாரு.